அடைக்கோழிக்கு ஒரு கூண்டு

செப்டம்பர் 2, திங்கள்

கொல்லையில் கோழிக்கூண்டு கட்டுவது என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தது காலை ஆறே முக்காலுக்கு, பல் துலக்கும்போது. எட்டு மணிக்குள் டேப் பிடித்து அளந்துவிட்டேன். பின்மதிலை ஒட்டிப் பதினோரு அடிக்கு ஒன்பது அடி இடம் சும்மா கிடக்கிறது. ஆறுக்கு நான்கு கூண்டு தாராளமாக வரும்.

முப்பத்து நான்கு வருடம் நெய்வேலிச் சுரங்கத்தில், சர்வே பிரிவில், டிராப்ட்ஸ்மேனாகக் குப்பை கொட்டியவன் நான். எங்கே எவ்வளவு மண் வெட்டியாயிற்று, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று காகிதத்தில் கோடு போட்டே தலை நரைத்தது. விருத்தாசலத்தில் இந்த வீட்டுக்குப் பிளான் போட்டதும் நானேதான். ஒரு கோழிக்கூண்டு எனக்கு எம்மாத்திரம்.

அஞ்சலாட்சி ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். தேன்மொழிக்குப் பிள்ளைப்பேறு பார்க்க மார்ச்சில் போனவள். ஏப்ரலில் பேரன் பிறந்தான். அவள் திரும்பி வரும்போது கொல்லையில் நாலு கோழி மேய்ந்தால் சந்தோஷப்படுவாள். அவள் வரவேண்டும் என்பதற்குத்தான் இந்த ஏற்பாடே. தேதி இன்னும் சொல்லவில்லை. குவார்ட்டர்ஸில் அவள் வளர்த்த கோழிகளை நெய்வேலியிலேயே விட்டுவிட்டு வரும்படி ஆகிவிட்டது.

செப்டம்பர் 5, வியாழன்

பிளான், முகப்பு, குறுக்குவெட்டு மூன்றும் தயார். இருபதுக்கு ஒன்று ஸ்கேல். கூரைச் சரிவு ஒன்பது அங்குலம். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் தளம். காற்றோட்டத்துக்காக நான்கு பக்கமும் கம்பி வலை. எவனும் ஒரு குறை சொல்ல முடியாது.

அஞ்சலாட்சியின் கூண்டுக்குப் பிளான் கிடையாது. நெய்வேலி டவுன்ஷிப்பில், இருபத்தோராம் வட்டத்தில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்த வருடம், எந்திரச் சாமான் வந்த மரப்பெட்டி ஒன்றை எங்கிருந்தோ ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். பலாமரத்தடியில் அதைச் சாய்த்து, பழைய தகரத்தை மேலே போட்டு, காற்றில் பறக்காமலிருக்க அம்மிக் குழவியை ஏற்றி வைத்தாள். வீட்டுக்கு வந்த எங்கள் அதிகாரி ஒருவர், "டிராப்ட்ஸ்மேன் வீட்டுக் கூண்டாய்யா இது?" என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்கு மானம் போயிற்று. தையத்தக்கா என்று குதித்தேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பெட்டி இருபத்தாறு வருடம் நின்றது.

கோழிகளுக்கு எங்கள் அதிகாரிகளின் வீட்டம்மாக்களை வைத்துத்தான் பெயர் வைப்பாள். கழுத்தை நிமிர்த்தி நடக்கிற கறுப்பிக்கு 'சீஃப் இன்ஜினியர் வீட்டம்மா'. மற்றதன் தீனியையும் கொத்திப் பிடுங்குகிறதற்கு 'பர்ச்சேஸ் ஆபீசர் வீட்டம்மா'. "சீஃப் இன்ஜினியர் வீட்டம்மா ரெண்டு நாளா முட்டை போடல, கோச்சுக்கிட்டாங்க" என்று வாசலில் நின்று சொல்வாள். யார் காதிலாவது விழுந்துவிடப் போகிறதே என்று எனக்கு உதறும். இன்று அதை நினைத்துக்கொண்டு சோறு சாப்பிடும்போது தனியாகச் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

செப்டம்பர் 8, ஞாயிறு

தேன்மொழி போன் செய்தாள். பேரன் குப்புற விழுந்துவிட்டானாம். அம்மாவைக் கூப்பிடு என்றேன். "அம்மா பாப்பாவுக்கு எண்ணெய் தேய்ச்சிட்டிருக்காங்கப்பா" என்றாள். போன ஞாயிறு துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தின ஞாயிறு கோயிலுக்குப் போயிருந்தாள். அவளுக்குத்தான் எத்தனை வேலை.

செப்டம்பர் 14, சனி

வெல்டிங் பட்டறை பாஷா இரும்பு ஆங்கிள்களை அறுத்துக்கொண்டு வந்து இறக்கினான். பிளானை விரித்துக் காட்டினேன். நேராகப் பார்த்தான், தலைகீழாகவும் பார்த்தான்.

"சார், கோழிக்கா? நான் யாரோ குடிவராங்கன்னு நெனச்சேன்."

அவனுக்கு வேலை தெரியும், மரியாதைதான் கொஞ்சம் கம்மி. நாலு மூலையையும் மூலைமட்டம் வைத்துப் பார்த்து, ஒன்று கால் அங்குலம் தள்ளியிருந்ததை மறுபடி ஒட்டச் சொன்னேன். "கோழி வந்து டேப் பிடிக்கப் போவுதா சார்" என்று முனகிக்கொண்டே ஒட்டினான்.

செப்டம்பர் 15

மழைத் தூறல். வேலை இல்லை. பேசுவதற்கும் ஆள் இல்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

பக்கத்து வீட்டு சகாயராணி மதிலுக்கு மேலே தலை நீட்டினார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். இருநூறு பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்துப் பழகியவர் என்பதால் பெரியவர்களிடமும் அதே குரல்தான். அவர் வீட்டில் பத்துப் பன்னிரண்டு கோழி இருக்கிறது.

"ஏன் சார், நாலு பக்கமும் வலையா போட்டிருக்கீங்க?"

"காற்றோட்டம்மா."

"காத்து சரி. முட்டை போட மறைவு வேணாமா? ஊரே பாக்கறாப்ல ஒக்காந்து எந்தப் பொட்டைக்கோழி சார் முட்டை போடும்?"

எனக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருடம் நான் சாப்பிட்ட முட்டைகள் ஓர் இருட்டுப் பெட்டியிலிருந்து வந்தவை. அந்தப் பெட்டி ஏன் இருட்டாக இருந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. சரி, இரண்டு பக்கம் பலகை அடித்துவிடுகிறேன் என்றேன்.

பிறகு அவர், அம்மா எப்போது வருகிறார் என்று கேட்டார். பொண்ணுக்குப் பிரசவம், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் அல்லவா என்று சொன்னேன்.

"தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே சார் பாப்பாங்க? பொண்ணு இங்கல்ல வந்திருக்கணும்?"

தேன்மொழிக்கு ஓசூரில்தான் டாக்டர் பழக்கம், பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அவர் 'உம்' என்று சொல்லிவிட்டுத் தலையை இறக்கிக்கொண்டார். பழைய கோழிகளைப் பற்றியும் கேட்டிருந்தார். அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டோம் என்று சொல்லியிருந்தேன்.

அக்டோபர் 2

கூண்டு முடிந்தது. பச்சை பெயின்ட் இரண்டு கோட். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க லட்சணமாக இருக்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

சந்தையில் நாலு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி வந்தேன். காலைக் கட்டி, தலைகீழாகக் கையில் கொடுத்தான் வியாபாரி. பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். கட்டை அவிழ்த்துவிட்டதும் கொல்லை முழுக்க ஓடி, கிளறி, ஒரே அமர்க்களம். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் ஆனதும் கதை கந்தலாகிவிட்டது. ஐந்தும் போய் முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டன. நான் கூண்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று, "வா, வா" என்கிறேன். ரிட்டையர் ஆன மனிதன், லுங்கியை மடித்துக்கட்டி, ஒட்டடைக் கம்போடு மரத்தடியில். மதிலுக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

அக்டோபர் 7

தேன்மொழிக்கு நானாகவே போன் செய்து, கோழி கூண்டில் அடைய மாட்டேன் என்கிறது, என்ன செய்வது என்று உன் அம்மாவிடம் கேட்டுச் சொல் என்றேன். போனை அப்படியே வைத்துவிட்டு அம்மாவிடம் போனாள். அப்புறம் தேன்மொழியே வந்து சொன்னாள்.

"மூணு நாள் வெளிய விடாம உள்ளயே வெச்சு தீனி தண்ணி குடுக்கணுமாம்ப்பா. அப்பதான் இதுதான் நம்ம வீடுன்னு அதுக்குப் பதியுமாம்."

"வேற என்ன சொன்னா?"

"அவ்ளோதான்ப்பா."

அவ்வளவு போதும். ஏழு மாதத்தில் அவளிடமிருந்து எனக்கு வந்த முதல் தகவல் இது. இதையும் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 11, வெள்ளி

மூன்று நாள் அடைத்து வைத்துத் திறந்துவிட்டேன். இன்று பொழுது சாய்ந்ததும் ஐந்தும் தாமாகவே கூண்டுக்குள் ஏறின. ஒன்றன் பின் ஒன்றாக, ஷிப்ட் முடிந்து பஸ் ஏறுகிற ஆட்களைப்போல. கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டினேன். கோழி வைத்திருந்த அத்தனை வருடத்தில் இந்த வேலையை நான் செய்தது இதுதான் முதல் தடவை.

குவார்ட்டர்ஸில் இந்த நேரம் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். சங்கு ஊதும். சைக்கிளில் வட்டம் திரும்பும்போதே வரிசையாக எல்லா வீட்டிலும் தாளிக்கிற வாசனை வரும். செம்மண் ரோடு, இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரம். எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து "பா... பா... பா" என்று அவள் குரல் வரும். நாக்கை மடித்து ஒரு மாதிரி கூப்பிடுவாள், எழுத்தில் எழுத வராது. வேலிக்கு அந்தப் பக்கம் மேயப் போனதெல்லாம் இறக்கையை விரித்துக்கொண்டு ஓடிவரும். நான் சைக்கிளை நிறுத்திவிட்டு, காபி எங்கே என்று கேட்பேன். அவள் கையில் நொய்க் கிண்ணத்தோடு, "இருங்க, இவங்களை அனுப்பிட்டு வரேன்" என்பாள். அந்த ஐந்து நிமிடம் காத்திருக்க எனக்குப் பொறுக்காது. கத்துவேன். இன்றைக்கு அந்த ஐந்து நிமிடம் கிடைத்தால் வாயைத் திறக்காமல் நிற்பேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. பிளானில் தப்பு இருந்தால் அழிக்கக் கூடாது. பழைய கோட்டின் மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதைப் போட்டு, 'திருத்தம்' என்று எழுதித் தேதி இட வேண்டும். முதலில் என்ன தப்பு நடந்தது என்று பின்னால் பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும்.

திருத்தம் 1. குவார்ட்டர்ஸ் கோழிகளை நெய்வேலியில் விட்டுவிட்டு வந்ததாக முன்பு எழுதியிருக்கிறேன். சகாயராணியிடம் அக்கம்பக்கத்தில் கொடுத்ததாகச் சொன்னேன். இரண்டும் தப்பு. நான் ஓய்வு பெற்றதும் எங்கள் பிரிவு ஆட்களுக்கு வீட்டில் விருந்து வைத்தேன். எட்டுக் கோழிகளும் அந்த விருந்தில் குழம்பாகிவிட்டன.

அஞ்சலாட்சி அவற்றை இங்கே கொண்டுவர வேண்டும் என்றுதான் சொன்னாள். புது வீட்டில் கோழி நாற்றம் வேண்டாம் என்று நான் சொன்னேன். வீடு காலி செய்கிற நேரத்தில் யாரும் செய்கிற காரியம்தான். ஊர் உலகத்தில் நடக்காததை நான் ஒன்றும் செய்துவிடவில்லை. நான் போய்க் கூப்பிட்டால்தான் அவள் வருவாள் என்று தேன்மொழி இன்று போனில் சொல்கிறாள். என்னத்துக்குப் போய்க் கூப்பிட வேண்டும்? வீடு அவளுக்குந்தானே.

அக்டோபர் 27, ஞாயிறு

சாம்பல் நிறப் பெட்டை அடைக்கு வந்துவிட்டது. மூன்று நாளாகக் கூண்டின் இருட்டு மூலையை விட்டு எழவில்லை. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொர்ரென்கிறது. சகாயராணி கூடை கொடுத்தார். அடியில் மணல், மேலே வைக்கோல். ஒன்பது முட்டை வைத்தேன். இருபத்தோராம் நாள் நவம்பர் 17. காலண்டரில் வட்டம் போட்டாயிற்று.

"அடை வெச்சிட்டா வீட்டை விட்டு எங்கயும் போவாதீங்க சார். பூனை, கீரி, மழை எல்லாம் அப்பதான் வரும்" என்றார் சகாயராணி.

நான் எங்கேயும் போவதாக இல்லை என்றேன். மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். இது விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே ஜாக்கிரதையாக இருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. இருந்துவிட்டுப் போகிறேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பேரனுக்கு முதல் தீபாவளி, வீடியோவில் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் ஒரு கை வந்து அவன் சட்டையை இழுத்துவிட்டது. வளையல் அவளுடையது. தெருவில் வெடிக்கிற ஒவ்வொரு வெடிக்கும் கோழி துள்ளுகிறது, ஆனால் எழவில்லை. கூண்டைச் சுற்றிப் பழைய போர்வையைக் கட்டிவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு இந்தத் தீபாவளி அப்படிப் போயிற்று.

நவம்பர் 5, செவ்வாய்

தேன்மொழி போன். ஞாயிறு இல்லாத நாளில் பேசுகிறாளே என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"அப்பா, பதினாலாந்தேதி எங்க மாமியார் வராங்க. இனிமே அவங்க பாத்துப்பாங்க. அம்மா இங்கேர்ந்து கிளம்பறாங்க."

"நல்லதாப் போச்சு. எந்த பஸ்ஸுல ஏத்திவிடற?"

"அங்க வரலப்பா. சிதம்பரத்துக்குப் போறாங்களாம், மாமா வீட்டுக்கு. மாடியில ஒரு ரூம் ஒழிச்சுக் குடுத்திருக்காரு. ஒரேயடியா அங்கதான்னு சொல்றாங்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நான் எவ்ளோ சொல்லிட்டேன்ப்பா. நீங்க நேர்ல வந்து கூப்பிட்டா ஒருவேளை வருவாங்க. பதினாலு காலைல நீங்க இங்க இருக்கணும். அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வருகிறேன் என்று சொன்னேன். போய்க் கூப்பிடுவதில் என்ன வந்துவிட்டது. போன மாதம் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கிறுக்குப் பயல் எழுதியதுபோல இருக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

நாளை மத்தியானம் மூன்று மணிக்கு சேலம் பஸ், அங்கிருந்து ஓசூர். சட்டை தேய்த்து வைத்தேன். தீனி, தண்ணீர் எல்லாம் சகாயராணியிடம் ஒப்படைத்தாகிவிட்டது. "நிம்மதியாப் போய் அம்மாவக் கூட்டிட்டு வாங்க சார், கோழி எங்க ஓடிப்போவுது" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என்ன பேசுவது என்று பத்து தடவை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒரு தடவையும் சரியாக வரவில்லை.

நவம்பர் 13, புதன்

விடியும்போதே கொட்டுகிற மழை. இடி என்றால் அப்படி ஒரு இடி. பத்து மணிக்குக் கொல்லையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். என் பிளான்படி தண்ணீர் கிழக்கே ஓட வேண்டும். ஓடவில்லை, பின்னால் இருக்கும் காலிமனைத் தண்ணீரெல்லாம் மதில் ஓட்டை வழியாக உள்ளே வந்தது. முப்பத்து நான்கு வருடம் தண்ணீர் போகிற வழி வரைந்தவன் வீட்டில்.

பதினோரு மணிக்குக் கூண்டின் தளத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டது. மற்றவை உட்காரும் கட்டையில் ஏறிக்கொண்டன. சாம்பல் பெட்டை மட்டும் அசையவில்லை. கூடைக்கு அடியில் தண்ணீர் ஏறுகிறது, அது பாட்டுக்குக் கண்ணை மூடித் திறந்துகொண்டு முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. கூடையோடு தூக்கினேன். கையில் நாலு கொத்து, ரத்தம். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து, படுக்கையறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். மற்ற நாலையும் சமையலறையில் விட்டேன்.

சகாயராணி வீட்டில் பூட்டு. மழையில் வீடு முழுகியவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சமைக்கப் போயிருக்கிறார். இரண்டு நாள் வர முடியாது என்று போனில் சொன்னார்.

இரண்டரை மணிக்குப் பையைத் தோளில் மாட்டினேன். வாசல்வரை போனேன். திரும்பி வந்து பார்த்தேன். கதவைப் பூட்டிவிட்டுப் போனால் இரண்டு நாள், மூன்று நாள் ஆகலாம். கோழி தீனிக்கு இறங்கினால் கதவிடுக்கு வழியாகப் பூனை வந்துவிடும். ஓசூருக்குப் போகாவிட்டால் அவள் சிதம்பரம். பையைக் கழற்றிக் கீழே வைத்தேன். 

தேன்மொழியிடம் வர முடியாது என்றேன். காரணத்தைச் சொன்னேன். அவள் கத்திவிட்டாள்.

"ஒரு கோழிக்காகவாப்பா? அம்மா பையெல்லாம் கட்டி வெச்சிட்டு வாசலையே பாத்துட்டிருக்காங்கப்பா. வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க, எனக்குத் தெரியாதா?"

"அடையில இருக்கும்மா. என்னால விட்டுட்டு வர முடியல."

 போன் கைமாறுகிற சரசரப்பு. பிறகு வேறு குரல்.

"எத்தினாவது நாளு?"

எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன்.

"பதினேழு."

"இடி இடிக்குதா?"

"காலைலேர்ந்து."

"கூடையில இரும்பு போட்டீங்களா? இடிக்கு முட்டையெல்லாம் கூமுட்டையாயிடும். ஒரு ஆணியாச்சும் போடுங்க, போங்க."

ஓடிப்போய் ஒரு திருப்புளியை வைக்கோலுக்குள் செருகிவிட்டு வந்தேன். அவள் போனை வைக்கவில்லை. ஒத்திகை பார்த்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"அன்னிக்கு நான் பண்ணது பெரிய தப்பு அஞ்சல. அது அடைக்கோழின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

மழைச் சத்தம் மட்டும். எந்தப் பக்கத்து மழை என்று தெரியவில்லை.

"முட்டைக்குள்ளேர்ந்து சத்தம் கேட்டுச்சுங்க" என்றாள். "காதுல வெச்சுப் பாத்தேன். கத்திச்சு."

போனை வைத்துவிட்டாள்.

திருத்தம் 2. விருந்துக்கு முதல் நாள் அஞ்சலாட்சி சிதம்பரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். கறிக்கடை ஆள் வந்தான். ஏழு கோழியைப் பிடித்தபின் பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்து, "சார், இது அடைக்கோழி. அறுக்கக் கூடாது. நாங்க தொட மாட்டோம்" என்று சொன்னான். இருபத்தெட்டுப் பேருக்கு எட்டு வேண்டும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். 'நான் சொல்றேன், பிடி' என்று அதட்டினேன். பன்னிரண்டு முட்டை, பொரிக்க இரண்டு நாள்தான் பாக்கி. சாயங்காலம் வந்து பார்த்தவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் அத்தனை பேருக்கும் அவள்தான் சமைத்துப் பரிமாறினாள். எல்லோரும் குழம்பைப் புகழ்ந்தார்கள். நானும் புகழ்ந்தேன். அந்தப் பன்னிரண்டு முட்டையைப் பற்றி நான் அவளிடம் இன்றுவரை கேட்டதில்லை. பெண்ணை இந்த வீட்டுக்குப் பிரசவத்துக்குக் கூட்டிவர மாட்டேன் என்று அவள் சொன்னபோதுகூட, பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

நவம்பர் 14

மழை. போன் எடுக்கவில்லை. சம்பந்தியம்மா இன்று வந்திருப்பார்.

நவம்பர் 15, வெள்ளி

காலையில் தேன்மொழி, "அம்மா நேத்து ராத்திரியே பஸ் ஏறிட்டாங்கப்பா, சிதம்பரம்தான் போயிருப்பாங்க" என்றாள்.  கோழிக்குத் தண்ணீர் வைத்தேன். சேவலின் எச்சத்தைக் கழுவினேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

மத்தியானம் மழை விட்டிருந்தது. வாசலில் ஆட்டோ சத்தம். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் துண்டோடு அஞ்சலாட்சி சேற்றில் இறங்கினாள். இளைத்திருக்கிறாள். முன்நெற்றி நரை கூடியிருக்கிறது.

"எங்க அது?"

படுக்கையறையைக் காட்டினேன். காலைக்கூடக் கழுவாமல் போய்க் கூடையின் முன்னால் குந்தினாள். நாக்கை மடித்து ஏதோ சொல்லிக்கொண்டே கையைக் கோழிக்கு அடியில் விட்டாள். என்னை நாலு கொத்துக் கொத்திய கோழி அவளை ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் காதருகில் வைத்துக் கேட்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நின்றேன்.

"நான் இங்க இருக்க வரல" என்றாள், திரும்பாமலே. "அடைக்கு வந்தேன். பொரிச்சதும் சிதம்பரம் போயிடுவேன்."

சரி என்றேன்.

நவம்பர் 17, ஞாயிறு

ஏழு பொரித்தது. இரண்டு கூமுட்டை. முதல் குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு தலையை நீட்டியபோது அவள் என் கையைப் பிடித்து இழுத்து, "பாருங்க, பாருங்க" என்றாள். உடனே கையை விட்டுவிட்டாள்.

நவம்பர் 19, செவ்வாய்

காலையில் அவளுடைய பை கூடத்தில் இருந்தது. பத்தேகால் சிதம்பரம் பஸ். நான் காபி போட்டேன். இரண்டு தம்ளர். அவள் சமையலறையில் நின்றே குடித்தாள்.

தடுக்கக் கூடாது என்று ராத்திரி முழுக்க எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

"போகாத, அஞ்சல. நீ இல்லாம என்னால இந்த வீட்டுல இருக்க முடியல. இந்த வீட்டுக்கு நூத்துப் பன்னெண்டு ஷீட் பிளான் போட்டேன். உனக்கு என்ன வேணும்னு ஒரு தடவையும் கேக்கல. இப்பக் கேக்கறேன். என்ன வேணும் சொல்லு."

அவள் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.  வெளியே குஞ்சுகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"அடுப்படியிலேர்ந்து கொல்லைக்கு ஒரு வாசல் வேணும்" என்றாள். "கையில தவிட்ட வெச்சிக்கிட்டு, கூடத்தத் தாண்டி, தெருவுக்குப் போயி, வூட்ட சுத்திக்கிட்டு ஒரு பொம்பள எத்தினி தடவ போவா? படிச்ச மனுஷன் போட்ட பிளானா இது?"

எனக்குப் பொட்டில் அடித்தாற்போல இருந்தது. பாதுகாப்புக்காகப் பின்வாசல் வேண்டாம் என்று நான்தான் பிளானில் அடித்திருந்தேன். மழையில் கோழியைத் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் சுற்றி வந்த அன்றுகூட எனக்கு உறைக்கவில்லை.

"எங்க வரணும்?" என்றேன்.

மேஜையிலிருந்த பென்சிலை எடுத்தாள். ஸிங்க் பக்கத்துச் சுவரில், தன் தோள் அகலத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டு, மேலிருந்து கீழே இரண்டு கோடு இழுத்தாள். இரண்டும் கோணல். அகலம் மிஞ்சிப் போனால் இரண்டே கால் அடிதான் வரும். வாசல் என்றால் மூன்றடியாவது வேண்டும்.

நான் டேப்பை எடுக்கவில்லை. கொத்தனாருக்குப் போன் செய்தேன். நாளைக் காலை வருகிறார். அவள் பையிலிருந்து சேலைகளை எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.